கூட யாரு வந்திருக்காங்க?

முதலில் அந்தத் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தொட்டி. உள்ளே கறுப்பு. விரல் வைத்தால் சுடாது, குளிராது, அப்படி ஒரு வெந்நீர். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதையை, பிளாக் என்று நாங்கள் சொல்லும் மெழுகுக் கட்டியில் புதைத்து, இயந்திரத்தில் பொருத்திச் சீவினால், வெங்காயச் சருகைவிட மெல்லிய நாடாவாக வரும். அதைத் தூரிகை நுனியில் ஏந்தி இந்தத் தண்ணீரில் விடுவார். சுருக்கமெல்லாம் பிரிந்து, தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பதுபோல மெல்ல விரியும். அடியில் கண்ணாடி ஸ்லைடைச் செலுத்தி அலுங்காமல் எடுப்பார். அப்புறம் சாயம். அப்புறம் என் மேசை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

விழுப்புரத்தில் ஒரு லேப். திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் போவேன். மார்கழியில் ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் பனியில் பாதிதான் இருக்கும். முண்டியம்பாக்கம் தாண்டும்போது ஆலையில் கரும்புச் சாறு காயும் வாசனை பெட்டிக்குள் வரும். அந்த அரைத்தூக்கத்திலேயே லேபுக்குள் நுழைந்தால், எங்கள் டெக்னீஷியன், அவர், தொட்டிமேல் குனிந்து நின்றுகொண்டிருப்பார். கனவு அங்கேயும் தொடர்வதுபோல இருக்கும். பெரிய உடம்பு, மண்வெட்டி பிடிக்கப் பிறந்த விரல்கள். அந்த விரல்களில் தூரிகை இருப்பதே தெரியாது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார், வெட்கப்பட்டு இரண்டு நாள் போனை எடுக்க மாட்டார். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஒருவருடைய நாடாவை எடுத்து முடித்ததும், அடுத்தவருடையதை விடுவதற்குமுன், மெல்லிய காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துத் தண்ணீரின் முகத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒற்றி எடுப்பார். மிச்சம் மீதி ஏதாவது மிதந்தால் காகிதத்தோடு வந்துவிடும். எந்த லேபிலும் செய்கிற வேலைதான். ஆனால் இவர் இரண்டு தடவை செய்வார். அவசர பிளாக் என்று நான் கத்தினாலும் இரண்டு தடவை.

"ஜல்தி ஜல்தின்னா இன்னா பண்றது மேடம்? ஒருத்தர் வூட்டு ஆளு இன்னொருத்தர் வூட்ல போய் உக்காந்துக்கினா அப்புறம் பேஜாரு யாருக்கு? ஒங்களுக்குத்தான்."

பொறுமை என்பது எனக்கு அடுத்த வீட்டுச் சமாச்சாரம். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

இதெல்லாம் அவருடைய ஒழுங்கு. அவருடைய குணம் வேறு. ஸ்லைடை என்னிடம் அனுப்புவதற்குமுன் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அவரும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கென்று ஒற்றைக் கண் வைத்துப் பார்க்கும் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று அவர் பக்கத்தில் உண்டு. அரை நிமிஷம் போதும். அவர் ஐந்து நிமிஷம் பார்ப்பார். அப்புறம் ஸ்லைடைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பார்: "யாரு வந்திருக்காங்கன்னு பாத்தீங்களா மேடம்?"

உடம்பில் எங்கே கேடு நேர்ந்தாலும் ரத்தத்திலிருந்து காவல் செல்கள் இறங்கி அந்த இடத்துக்கு வரும். அவை கூடிப் பொங்குவதைத்தான் அழற்சி என்கிறோம். நான் படித்த பெயர்கள் அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் தனியாகப் பெயர் வைத்திருந்தார். நீலமாகச் சின்ன உருண்டையாக இருப்பவை 'கடுகு'. உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பவை 'ஓரத்துக்காரங்க'. செக்கச்செவேலென்று சாயம் ஏறுபவை 'செவப்புச் சட்டை'. குடல் புற்று என்றால் நான் நேராகப் புற்றைத்தான் பார்ப்பேன். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எவ்வளவு கோணல். அவர் அதை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பார்.

"திருடன மட்டும் பாத்துக்கினு இருந்தா எப்பிடி மேடம்? ஊரு இன்னா பண்ணுதுன்னு பாக்க வேணாமா?"

ஒருநாள் ஒரு பெரியவரின் ஸ்லைடைக் காட்டினார். புற்றைச் சுற்றிக் கடுகு கொட்டியதுபோல நீலம். "பாருங்க, ஊரே தெரண்டு வந்துட்ச்சி." இன்னொரு நாள் இன்னொன்று. சுற்றிலும் வெறும் வெளிர் இளஞ்சிவப்பு, ஆளே இல்லை. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வந்து நிற்கிறவர்களிலும் எல்லாரும் நல்லவர்கள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். "சில பேரு வராங்க மேடம், வந்து திருடனுக்கே சோறு போடறாங்க" என்பார். அப்படியும் உண்டு. நான் படித்த புத்தகங்களில் அதற்கு முழு அத்தியாயமே இருக்கிறது.

இந்தப் பைத்தியம் லேபோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்வந்தால் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது. பெண்ணுக்குப் பின்னால் யார் நின்றார்கள், பந்தி முடிந்த பிறகும் யார் இருந்தார்கள் என்று சொல்வார். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடமும் முதல் கேள்வி அதுதான். "கூட யாரு வந்திருக்காங்க?"

அதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. ரிப்போர்ட்டில் கெட்ட செய்தி இருந்து, வந்தவர் தனியாக வந்திருந்தால், கவுண்டரில் இருக்கும் பெண்ணைக் கண்ணால் நிறுத்திவிட்டு இவர் முன்னால் போவார். "மெஷினு ரிப்பேருங்க. நாளைக்கி வாங்க. வரும்போது யாரையாச்சும் கூட இட்டுக்கினு வாங்க." சுத்தமான பொய். பத்து மைல் பஸ் ஏறி வந்த ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே போகும். நான் ஒருநாள் எரிந்து விழுந்தேன். நாளை என்பது சில பேருக்கு ஒரு கூலி நாள், உங்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "கரெக்டுதான் மேடம்" என்றார். "ஆனா ஒருத்தரு தனியா இந்தப் படில எறங்கிப் போறத நீங்க பின்னால இருந்து பாத்ததில்ல." அடுத்த வாரமும் மெஷின் ரிப்பேர் ஆயிற்று.

பௌர்ணமிக்குத் திருவக்கரை போவார். அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூட்டத்தை விட்டு நழுவி, அங்கே கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கிற இடத்துக்குப் போய்விடுவாராம். "வளையம் வளையமா அப்பிடியே இருக்குது மேடம். கோடி வருசத்துக்கு முன்னாடி எவனோ பிளாக் போட்டு வெச்சிட்டு, வெட்ட மறந்துட்டுப் போய்ட்டான்." இதைச் சொல்லும்போது அவர் கண்கள் எங்கோ இருக்கும். நானும் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். வேலை நேரத்தில் ஒரு பெரிய மனுஷனும் ஒரு டாக்டரும் கல் மரத்தை நினைத்துக்கொண்டு சும்மா இருந்த அந்த நிமிஷங்களை இப்போது நினைத்தால் இனிக்கிறது. அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதுதான் உண்மை.

யாருடன் திருவக்கரைக்குப் போவீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. வீட்டில் யார் யார் என்றுகூடக் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞனின் ஸ்லைடு அது. மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடும் குடும்பம். முப்பது வயதுகூட ஆகவில்லை, பத்து வருஷமாகக் குடலில் புண். ஆறும், மறுபடி வரும். உதவிக்கு வந்த காவல் கூட்டம் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிப் பொங்கிக்கொண்டே இருக்கிற நோய். வருஷக்கணக்கில் அப்படிக் கொதித்தால் அந்தக் கொதிப்பிலிருந்தே புற்று முளைக்கலாம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டருக்கும் அந்தச் சந்தேகம்தான், சதை கிள்ளி அனுப்பியிருந்தார். ஆகவே நான் எதிர்பார்த்துக்கொண்டேதான் கண்ணை வைத்தேன். எதிர்பார்த்தது இருந்தது. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துணுக்கு, சந்தேகமே இல்லாத புற்று.

எழுதிவிட்டேன். டைப் ஆகி வந்தும் விட்டது. அது கையெழுத்தாகி வெளியே போனால் பையனின் பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வயலில் இறங்க வேண்டும். வெளியே பெஞ்சில் அவனும், அவன் அம்மாவும், நிறைமாதமாக அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் வந்திருக்கிறார்கள், மெஷின் ரிப்பேருக்கு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

அன்று காலையிலிருந்து அவர் பேசவே இல்லை. ஸ்லைடுகளைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பழைய மைக்ராஸ்கோப்பின் உறையைக்கூட எடுக்கவில்லை. எனக்கு அது உறைத்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்குமுன் ஏனோ நானே கூப்பிட்டேன், சீண்டத்தான்.

"என்ன இன்னைக்கு ஒண்ணும் கேக்கல? வல்லத்துப் பையன் ஸ்லைடு. யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க."

வந்து குனிந்தார். பார்த்தார். ஸ்லைடை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். அவர் கழுத்தில் வேர்வை துளிர்ப்பது தெரிந்தது.

"மேடம், இது இந்த வூட்டு ஆளு இல்ல."

"என்னது?"

"பையனோட கொடலு முழுக்க ஓரத்துக்காரங்க, செவப்புச் சட்டைங்க. அடச்சிக்கினு இருக்காங்க. அந்தப் புத்து இருக்கற துணுக்குப் பக்கத்துல அவுங்கள்ள ஒருத்தன் கூட இல்ல. அத சுத்தி வெறும் கடுகு. இந்தக் கடுகு பையன் பக்கம் ஒண்ணு கூட வரல. பக்கத்துல பத்திக்கினு எரியுது, திரும்பிப் பாக்காம இருப்பாங்களா மேடம்? ரெண்டும் வேற வேற ஊரு."

நான் அவரைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். நுண்திருகைத் திருப்பினேன். பையனின் சதை தெளிவாகத் தெரியும்போது துணுக்கு மங்கியது. துணுக்கு தெளியும்போது சதை மங்கியது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று வந்து படிந்திருக்கிறது. தண்ணீரில் மிதந்த வேறு யாருடைய மிச்சமோ பையனின் கண்ணாடியில் ஏறிவிட்டது. புத்தகத்தில் எச்சரித்திருந்ததை, புண் பழசு என்ற ஒரே எண்ணத்தில் நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

அவர் கேட்காமலே போய்ப் பையனின் பிளாக்கை எடுத்துப் புதிதாக, ஆழமாக, நான்கு தடவை வெட்டினார். ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஒற்றினார். சாயம் ஏறும்வரை நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கிலும் புற்று இல்லை. பழைய புண், பழைய கூட்டம், அவ்வளவுதான். பழைய தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். மருந்தை விடாதே, வருஷத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார், இப்போதைக்குப் பயம் இல்லை என்று பையனைக் கூப்பிட்டு நானே சொன்னேன். அவன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டது ஒண்ணுமில்லியே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஈர மண் ஒட்டிய மல்லாட்டையை எடுத்து அவர் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். என்ன தப்பியது என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

கதவு மூடியதும் கேட்டேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"தண்ணியைத் தொடைக்கலயா?"

"தொடைக்கல மேடம்."

"இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட... எப்படி மறந்தீங்க?"

"மறக்கல."

தட்டின் கடைசியில், நான் இன்னும் பார்க்காத ஸ்லைடு ஒன்று இருந்தது. எண்ணைப் பார்த்தால், பையனுக்கு முன்னால் வெட்டியது அதுதான். எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே புற்று, அதே நெருக்கமான கடுகு. சீட்டில் ஒரு பெண்ணின் பெயர், வயது நாற்பத்து நான்கு, ஊர் திருவக்கரைக்குப் பக்கத்தில். ஒரு வருஷமாக ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து விட்டுவிட்டவர் என்று டாக்டர் குறித்திருந்தார்.

"யாருங்க இவங்க?"

"எங்க வூட்லங்க மேடம்."

பதினோரு வருஷம் ஒரே அறையில் வேலை செய்திருக்கிறோம். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன், அதுவும் ஒரு ஸ்லைடின் ஒட்டுச் சீட்டில். என் வாயில் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்ததுக்கு அப்புறம் கொஞ்சூண்டு மெதந்துக்கினு இருந்துச்சி. அவதான் அது. காயிதத்தால ஒத்தி எடுத்து குப்பயில போட மனசு வரல மேடம். அடுத்த பிளாக்க எடுத்து வெச்சிக்கினேன், அவ போயிருப்பான்னு நெனச்சி. தப்பு என்னுதுதான். மேல எழுதிக் குடுங்க, நான் போயிடறேன்."

எழுதித் தரவில்லை. நடந்ததைத் தலைமை டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை. அன்று சாயந்திரம் அவர் மற்ற ஜனங்களைப்போலவே கவுண்டருக்கு வெளிப்பக்கமாக வந்து, ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. கவுண்டர் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போனேன்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்லங்க மேடம்."

"மெஷினு ரிப்பேருங்க" என்றேன். "நாளைக்கு வாங்க. யாரையாச்சும் கூட இட்டுக்கினு வாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதை நான் பார்த்தேன். படியில் இறங்கிப் போகும்போது அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் கவுண்டர் பெண். பஸ் வரும்வரை மூன்று பேரும் நின்றோம். மேசையிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்ட மல்லாட்டைப் பை அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மனைவியோடு வந்தார். மெலிந்து, ஆனால் சிரித்த முகம். "இவரு சொல்வாரு, ஒங்குளுக்குக் கோவம் ஜாஸ்தி, கண்ணு நல்ல கண்ணுன்னு" என்றார் அந்த அம்மா, முதல் வார்த்தையாக. எனக்கு என் கண்ணைப் பற்றி அன்று அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. லேபில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து அந்தப் பெஞ்சைச் சுற்றி நின்றோம். ரிப்போர்ட்டை மனைவிக்கு அவரே படித்துச் சொன்னார்.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நான் திண்டிவனத்துக்கே மாற்றிக்கொண்டு வந்த பிறகு, இன்றுவரை பௌர்ணமிதோறும் போன் வருகிறது. முதலில் பேசுவது அவர் இல்லை, அந்த அம்மாதான். கல்லு மரத்துக்கிட்ட நிக்கிறோம் என்பார். ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அறுவை முடிந்து, எடுத்த குடல் எங்கள் லேபுக்கே வந்த அன்று யாருக்கும் எதுவும் தெரியாது.

வேறு ஆளை வெட்டச் சொல்கிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை. அவரே வெட்டினார். ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரை இரண்டு தடவை ஒற்றினார். நான் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. சாயம் ஏறிய ஸ்லைடுகளைப் பழைய மைக்ராஸ்கோப்பில் வைக்காமல் நேராக என்னிடம் கொண்டுவந்தார். வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"யாரு வந்திருக்காங்க மேடம்?"

புற்று கரையைத் தாண்டி ஆழத்துக்குப் போயிருந்தது. நான் அதைப் பிறகு பார்த்தேன். முதலில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஓரத்தைப் பார்த்தேன். அந்த ஓரம் நெடுகிலும் கடுகு. வரிசையாக, கொத்துக் கொத்தாக, சில இடங்களில் புற்றின் உள்ளேயே புகுந்து. விடியற்காலைப் பனி விலகும்போது முதலில் வயலும் அப்புறம் வயல் முழுக்க ஆட்களும் தெரிவார்களே, அப்படித் தெரிந்தது.

"நெறைய பேர்" என்றேன். "நெறைய பேர் வந்திருக்காங்க. ஆனா இது நல்ல அறிகுறிதான், உறுதி இல்ல. எத்தனை பேர் வந்தாலும் சில சமயம்..."

"தெரியும் மேடம்" என்றார், திரும்பாமலே. "வந்தாங்களான்னுதான் கேட்டேன். செயிப்பாங்களான்னு கேக்கல."

பிறகு காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். அடுத்தவருடைய பிளாக் காத்திருந்தது.